வலது கைக்கு வராதவள்

பருந்துகளோடு வேலை செய்கிறேன் என்று சொன்னால் எல்லாரும் முதலில் கேட்பது, "கொத்தாதா?" என்பதுதான். கொத்தாது. அலகு அதற்குச் சாப்பிடத்தான்; பிடிப்பது கால். பயப்பட வேண்டியது காலுக்கு. இதைச் சொல்லிச் சொல்லி என் வாய் ஓய்ந்துவிட்டது.

மலேசியாவில், போர்டிக்சனிலிருந்து லிங்கிக்குப் போகும் வழியில், எண்ணெய் எடுக்கும் செம்பனைத் தோட்டத்தின் ஓரமாக, தவுக்கே என்று நாங்கள் அழைக்கும் சீன முதலாளி ஒருவர் விடுமுறைப் பண்ணை நடத்துகிறார். கடற்கரைக்கு வந்த குடும்பங்கள் திரும்பும்போது பிள்ளைகளை அங்கே இறக்கிவிடுவார்கள். முயல், ஆடு, மட்டக்குதிரை எல்லாம் பார்த்து முடித்தபின் பறவைக் காட்சி. அதை நடத்தியவர் என் கணவர். ராணுவ முகாமில் லாரி ஓட்டியவர். ஓய்வு பெற்றபின் தவுக்கே அனுப்பி வைத்து, பருந்து பழக்கும் வேலையைக் கற்றுக்கொண்டு வந்தார். நான் வேலை செய்த தொழிற்சாலை மூடியதும் என்னையும் சேர்த்துக்கொண்டார்கள். கூண்டு கழுவுவதும், உறையவைத்த கோழிக்குஞ்சுகளை வெட்டி வைப்பதும் என் வேலை.

மூன்று பறவைகள். ஒன்று செம்பருந்து, நம்மவர்கள் கருடன் என்று கையெடுத்துக் கும்பிடுவது. யாரோ வீட்டில் கட்டிவைத்து வளர்த்து, அரசாங்கம் பிடுங்கி, எங்களிடம் வந்து சேர்ந்தது. அதைப் போல ஒரு கோழையை நான் பார்த்ததில்லை. குடையை விரித்தால் நடுங்கும். ஒரு மைனா வந்து கூரையில் உட்கார்ந்தால் மூலைக்கு ஓடும். வெளியே பெண்கள் கன்னத்தில் போட்டுக்கொண்டு நிற்பார்கள்; உள்ளே சாமி தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் ஒளிந்திருக்கும்.

இரண்டாவது கூகை. மறுநடவுக்காகப் பழைய மரங்களைச் சாய்த்தபோது, எலி பிடிக்கும் கூகைகள் தங்குவதற்காகத் தோட்டத்தில் வைத்திருந்த கூட்டுப் பெட்டியோடு கீழே விழுந்த குஞ்சு. எதற்கும் அவசரப்படாது. காட்சியின் நடுவில் தூங்கிவிடும். நூறு பேர் பார்த்துக்கொண்டிருந்தாலும் முகத்தைத் திருப்பிக்கொண்டு சுவரைப் பார்க்கும்.

மூன்றாவது ஹாரிஸ் பருந்து. வெளிநாட்டு இனம். கரும்பழுப்பு உடம்பு, தோளில் செங்கல் நிறம், வால் நுனியில் வெள்ளை. பெண். அவளை 'அது' என்று எங்கள் வீட்டில் யாரும் சொன்னதில்லை. அவள் இனம் கூட்டமாக வாழ்வது. ஆகவே மனிதரையும் கூட்டத்தில் சேர்த்துக்கொள்ளும் என்பார் என் கணவர். என்னைச் சேர்த்துக்கொள்ளவில்லை. அவர் என்னிடம் சிரித்துப் பேசினால் துருப்பிடித்த கீல் போலக் கத்துவாள். குஞ்சை வெட்டிக் கொடுப்பது நான். தின்றுவிட்டு அவரைப் பார்ப்பாள்.

பிறகு அவருக்குச் சிறுநீரகம் கெட்டது. வாரத்தில் மூன்று நாள் டயாலிசிஸ். அதற்காக இடது முன்கையில் இரண்டு ரத்தக் குழாய்களை இணைத்துத் தைத்தார்கள். தையல் ஆறியபின் அந்த இடத்தில் விரலை வைத்துப் பார்த்தேன். தோலுக்கடியில் வண்டு சிக்கிக்கொண்டது போல அதிர்ந்தது. அந்தக் கையில் கனம் தூக்கக் கூடாது, இறுக்கமாக எதுவும் போடக் கூடாது, அடிபடவே கூடாது என்றார் மருத்துவர்.

இடது கைதான் அவர் கையுறை போடும் கை. இத்தனை வருடமும் மூன்று பறவைகளும் வந்து இறங்கிய கை.

"அதனால என்ன, வலது கைக்கு மாத்திக்கலாம்," என்றார் காரில். "ரெண்டும் கைதானே."

"கொஞ்ச நாள் வீட்ல இருங்களேன்."

"வீட்ல இருந்து என்னா பண்றது? சுவத்தப் பாக்குறதா, அந்தக் கூக மாதிரி?"

கூகைக்கு எந்தக் கையும் ஒன்றுதான். வலது கையை நீட்டியதும் வந்து உட்கார்ந்து கண்ணை மூடிக்கொண்டது. கருடன் அன்றைக்கு, முந்தின நாள் யாரோ விட்டுப்போன பலூனைக் கண்டு பயந்து வெளியே வரவே இல்லை. அடுத்து ஹாரிஸ் பருந்து. பார்வையாளர்கள் வராத காலை நேரம் அது. திடலின் அந்தக் கோடியில் கட்டைமேல் அவளை விட்டுவிட்டு வந்தேன். அவர் வலது கையில் புதுக் கையுறையோடு நின்று விசிலடித்தார். இடது கையை வயிற்றோடு மடித்து வைத்திருந்தார்.

அவள் புல்லை ஒட்டித் தாழப் பறந்து நேராக வந்தாள். கடைசி நொடியில் ஒரு சிறகைச் சாய்த்தாள். இறைச்சி வைத்திருந்த வலது கையைத் தாண்டி, எப்போதும் இறங்குகிற இடத்திலேயே இறங்கினாள். சட்டைக் கைக்குள் எட்டு நகங்கள்.

நான் ஓடினேன். "ஓடாத," என்றார். குரல் உயரவில்லை. முகத்தில் மட்டும் ரத்தமே இல்லை. "ஓடுனா அவ இன்னும் இறுக்கிப் பிடிப்பா. மெதுவா வா. என் கைகிட்ட எதையும் நீட்டாத. குஞ்சத் தரையில போடு, தூரமா."

பையிலிருந்த குஞ்சை எடுத்துப் புல்லில் எறிந்தேன். அவள் அதைப் பார்த்தாள். பிறகு அவர் முகத்தைப் பார்த்தாள். இதுதானே நம் இடம், ஏன் இப்படி நிற்கிறாய் என்று கேட்பது போல இருந்தது. அவர் மூச்சுக்கூட விடவில்லை. கடைசியில் பசி ஜெயித்தது. அவள் இறங்கிப் போனதும் சட்டைக் கை சிவந்துகொண்டே வந்தது.

துண்டை வைத்து அழுத்திக்கொள்ளச் சொல்லிவிட்டு போர்டிக்சனுக்குக் காரை விரட்டினேன். அவசரப் பிரிவில் துண்டை விலக்கிப் பார்த்த தாதி ஒரு தமிழ்ப்பெண்.

"என்னா அங்கிள், பூனை பொறாண்டுச்சா?"

"இல்லமா. பருந்து."

சிரித்தாள். அவர் சிரிக்கவில்லை என்று கண்டதும் என்னைப் பார்த்தாள். நான் தலையாட்டினேன். நகம் ஒன்று, இணைத்த குழாய்க்குக் கொஞ்சம் தள்ளி இறங்கியிருந்தது. குழாயிலேயே இறங்கியிருந்தால் கார் நிறுத்துமிடம்வரை வந்திருக்க மாட்டார் என்றார் மருத்துவர். அதை ஏதோ மழை வரும் என்பது போலச் சொன்னார்.

செய்தி தவுக்கேவுக்குப் போய்விட்டது. மறுநாள் வந்து, "இனிமே இது சூசா லா, ரொம்ப கஷ்டம். ஜொகூர்ல ஒரு ஆளு கேக்குறான், குடுத்துடலாம்," என்றார். கெட்ட மனிதர் இல்லை, பயந்துபோயிருந்தார். என் கணவர் கட்டுப் போட்ட கையை மடியில் வைத்துக்கொண்டு கூண்டுப் பக்கமே பார்த்தார்.

"நான் போட்டுக்கறேன் கையுறைய," என்றேன்.

இரண்டு ஆண்களும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பறவைமேல் ஆசைப்பட்டுச் சொல்லவில்லை. டயாலிசிஸ் நாற்காலியில் நாலு மணி நேரம் படுத்துக் கிடக்கும்போது, அவர் என்னிடம் கேட்கும் ஒரே கேள்வி, "இன்னிக்கு அவ சாப்பிட்டாளா?" என்பது. அந்தக் கேள்வியும் இல்லாமல் அவரை என்னால் பார்த்துக்கொண்டு உட்கார முடியாது.

அதற்குப் பிறகான மாதங்களை நினைத்தால் இப்போதும் எனக்கு இடுப்பு வலிக்கிறது. விடிவதற்குள் சமையல், அவரைக் கொண்டுபோய் விடுவது, பண்ணைக்கு வந்து கூண்டு கழுவுவது, அவளை எடை போடுவது, பிறகு கையை நீட்டிக்கொண்டு நிற்பது, மறுபடி அவரை அழைத்து வரப் போவது. அவள் வரவில்லை. பழக்கும்போது காலில் கட்டிவிடும் கயிற்றின் நீளத்துக்குக்கூட வரவில்லை. நான் விசிலடித்தால் முதுகைக் காட்டுவாள். தராசில் ஏறுவாள், கையில் ஏற மாட்டாள். தோள் இறங்கிப்போய்க் கையைக் கீழே விட்டால் உடனே திரும்பிப் பார்ப்பாள். தோற்றுவிட்டாயா என்று சரிபார்ப்பது போல இருக்கும். ஒருநாள் அவளிடமே சொன்னேன்: "எனக்கும் உன்னப் புடிக்கலடி."

டயாலிசிஸ் இல்லாத நாட்களில் அவர் வேலிக்கு வெளியே நாற்காலி போட்டு உட்கார்ந்து எனக்குச் சொல்லித் தருவார். முழங்கையை மடக்கு, முகத்தைப் பார்க்காதே, இறைச்சியை விரலிடுக்கில் வை. நான் எல்லாம் செய்வேன். அவள் அவரையே பார்த்துக்கொண்டிருப்பாள். ஒரு நாள் அவர் பாதிப் பேச்சில் நிறுத்தினார்.

"நாந்தான் கெடுக்குறேன்," என்றார்.

"என்னாங்க?"

"நான் கண்ணுல பட்டா அவ உன்கிட்ட வரமாட்டா. எதுக்கு வரணும்? நான்தான் இருக்கேனே."

நாற்காலியை அவரே ஒற்றைக் கையால் மடக்கித் தூக்கிக்கொண்டு தீவனக் கொட்டகைக்குப் பின்னால் போனார். அதன்பின் திடல் பக்கமே வரவில்லை. பண்ணைக்கு வந்தால் முன் வாசலில் கூகையோடு இருப்பார். நான் அவளை வெளியே எடுக்கும் நேரத்தில் கொட்டகைக்குள் போய்விடுவார். அவள் காதில் ஒரு நாளும் தன் குரல் விழவிடவில்லை. இருமல் வந்தால் துண்டைக் கடித்துக்கொண்டதை ஜன்னல் வழியே பார்த்திருக்கிறேன்.

அவள் அவரைத் தேடினாள். அதை மறைத்துச் சொல்ல முடியாது. நாற்காலி இருந்த இடத்தைப் பார்த்துக் கத்தினாள். சில நாள் பாதி தின்றுவிட்டு விட்டுவிட்டாள். பிறகு கத்துவது குறைந்தது.

அவள் வந்த அன்று மப்பும் மந்தாரமுமாக இருந்தது. நான் விசிலைக்கூடச் சரியாக ஊதவில்லை. களைப்பில் காற்றுதான் வந்தது. கையை நீட்டிவிட்டுத் தோட்டத்துப் பக்கம் பார்த்துக்கொண்டு, அவருக்கு மருந்து வாங்கிவிட்டோமா என்று யோசித்துக்கொண்டிருந்தேன். அவள் காலில் கட்டிய மணியின் சத்தம் கேட்டது. திரும்புவதற்குள் கை இறங்கியது. கையுறைக்குள் என் விரல்களை அவள் கால் பற்றிக்கொண்டது. தின்றாள். என் முகத்தை ஒரு தடவை பார்த்தாள். அவ்வளவுதான்.

எனக்கு மகிழ்ச்சி என்று எதுவும் வரவில்லை. எங்காவது உட்கார வேண்டும் போலிருந்தது. அவளைக் கூண்டில் விட்டுவிட்டுக் கொட்டகைக்குப் போனேன். அவர் தீவன மூட்டைமேல் உட்கார்ந்திருந்தார். மணிச்சத்தத்தை அவரும் கேட்டிருக்கிறார்.

"வந்துட்டாளா?"

"வந்துட்டா."

"கனமா இருந்தாளா?"

"கனந்தான்."

தலையை ஆட்டினார். பிறகு பக்கத்து மூட்டைமேல் இருந்த தூசியைத் தட்டிவிட்டு, "உக்காரு," என்றார்.

தவுக்கே அவளை ஜொகூருக்கு அனுப்பவில்லை. பள்ளி விடுமுறைக் காட்சிகளை இப்போது நான்தான் நடத்துகிறேன். ஒலிவாங்கியில் மலாயும் ஆங்கிலமும் தமிழும் மாற்றி மாற்றிப் பேசி, அவளைப் பிள்ளைகளின் தலைக்குமேல் பறக்கவிட்டு, திரும்பக் கைக்கு அழைக்கிறேன். பத்துக்கு எட்டுத் தடவை வருகிறாள். மற்ற இரண்டு தடவை செம்பனைமேல் உட்கார்ந்துகொண்டு என்னைக் காக்கவைக்கிறாள். நான் காத்திருக்கிறேன். கூட்டம் கலைந்துபோனாலும் அவள் இறங்கும்வரை நின்றுதான் ஆக வேண்டும். அவர் அவள் கண்ணில் படாமல் வாசலில் இருந்தபடி, பக்கத்திலிருக்கும் கூகை விழித்துக்கொள்ளாதபடி மெதுவாகக் கையை உயர்த்தி, தான் முதலில் போய்க் காரில் உட்காருவதாகச் சைகை காட்டுகிறார்.