கிணறு எந்தப் பக்கம்?

கனடாவில் என்னை முதன்முதலாக வீட்டுக்குக் கூப்பிட்டவர் ஒரு பால்காரர். சைக்கிளில் கேன் கட்டிக்கொண்டு மணியடித்து வருகிற பால்காரர் என்று நினைத்துவிடாதீர்கள். நாற்பது மாடு வைத்திருந்த விவசாயி. டொரான்டோவில் நான் பயிற்சி பெற்ற பால் பரிசோதனைக் கூடத்துக்கு வாரம் ஒரு தடவை வேனில் வந்து சாம்பிள் பாட்டில்களைக் கொடுத்துவிட்டுப் போவார். எனக்குச் சித்தூரில் கால்நடைத் துறையில் உத்தியோகம். சர்க்கார் செலவில் பத்து மாதப் பயிற்சி. போய் ஆறு மாதம் ஆகியும் பாட்டிலில் பாலைப் பார்த்தேனே தவிர, ஒரு மாட்டின் வாலைக்கூடப் பார்க்கவில்லை. ஒருநாள் அவரிடம் இதைச் சொல்லிப் புலம்பினேன். "இந்தச் சனிக்கிழமை வாருங்கள். போதும் போதும் என்கிற அளவுக்குக் காட்டுகிறேன்" என்றார்.

சனிக்கிழமை வருவதற்குள் எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அவருடைய ஊர் ஒரு டவுன்ஷிப் என்று சொல்லியிருந்தார். டவுன் என்று இருக்கிறதே, நகரி மாதிரி ஒரு கடைத்தெருவாவது இருக்கும், நாலு பேர் பார்ப்பார்கள் என்று சூட்டுப் போட்டு, டை கட்டி, ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டு தயாரானேன். அவர் வேனை நிறுத்தி என்னை மேலும் கீழும் பார்த்தார். பாவம், கதவைத் திறந்துவிட்டார்.

நகரம் எங்கே முடிந்தது என்றே தெரியவில்லை. வரிசையாகப் புது வீடுகள், ஒரு பெட்ரோல் பங்க், ஒரு சர்ச், திரும்பிப் பார்த்தால் இரண்டு பக்கமும் மக்காச்சோளக் கொல்லை! கதிர் ஒடித்து முடித்த தட்டை காற்றில் சரசரக்கிறது. சாணி வாசனை அடித்தது. ஆறு மாதம் கழித்து அந்த வாசனை! கண்ணாடியை இறக்கிவிட்டு நாய் மாதிரி தலையை வெளியே நீட்டிக்கொண்டேன்.

அக்டோபர் மாதம். வீட்டுக்கு வீடு வாசற்படியில் மஞ்சள் பூசணிக்காய் வைத்திருந்தார்கள். சிலதில் கண், மூக்கு, பல் எல்லாம் வெட்டியிருந்தது. "திருஷ்டிப் பூசணி!" என்று தமிழிலேயே கத்திவிட்டேன். எங்கள் ஊரிலும் புது வீட்டுக்குப் பூசணிக்காயில் கோரப்பல்லோடு முகம் வரைந்து கட்டுவோம் என்று விளக்கினேன். அவர் இது குழந்தைகளுக்கான பண்டிகை என்றார். கண் திருஷ்டிக்கு இல்லையா என்று இரண்டு தடவை கேட்டேன். இல்லை என்றார். நான் நம்பவில்லை.

கொஞ்ச தூரம் போனதும் வண்டியை மெதுவாக்கி, "இந்த ரோடுதான் எல்லை. இடதுபக்கம் எங்கள் டவுன்ஷிப், வலதுபக்கம் இன்னொன்று. என் வீடு இங்கே, மேய்ச்சல் நிலம் பாதி அங்கே" என்று சர்வசாதாரணமாகச் சொன்னார். எனக்கு உடம்பெல்லாம் சிலிர்த்தது. எல்லை! இதற்காகவா இவ்வளவு தூரம் வந்தேன்! அவரை ஓட்டவிடாமல் எங்கள் ஊர் எல்லைக் கதையை ஆரம்பித்துவிட்டேன்.

அந்த வருஷங்களில் எங்கள் பக்கம் எல்லை என்று சொன்னாலே பத்துப்பேர் கூடிவிடுவார்கள். ஆந்திரா தனி ராஜ்யமானபோது சித்தூர் ஜில்லா மொத்தமும் அதோடு போய்விட்டது. தமிழ் பேசுகிற ஊர்களை மதராஸோடு சேர்க்க வேண்டும் என்று ஊர்வலம், உண்ணாவிரதம், ரயில் மறியல். கடைசியில் ஒரு மத்தியஸ்தரை வைத்து, கிராமம் கிராமமாக எந்த மொழிக்காரர் அதிகம் என்று பார்த்துக் கோடு கிழிக்கலாம் என்றார்கள். எங்கள் கிராமம் நகரிக்கும் திருத்தணிக்கும் நடுவே. தமிழ்க்காரர்தான் அதிகம். விடுவேனா? ஊர் சார்பில் மனு எழுதினேன். சர்க்கார் உத்தியோகஸ்தன் கையெழுத்துப் போடக்கூடாது. அதனால் எங்கள் வீட்டுக்காக அப்பா, எங்கள் பக்கத்துப் பேச்சில் நைனா, அவர்தான் போட வேண்டும். ஊரில் எல்லா வீடும் போட்டாகிவிட்டது. எங்கள் வீடு ஒன்றுதான் பாக்கி.

சிநேகிதர்கள் பத்துப்பேரோடு மாட்டுக் கொட்டகைக்குப் போனேன். நைனா கால் நொண்டிக்கொண்டிருந்த எருதைத் தேய்த்துக் கழுவிக்கொண்டிருந்தார். என் நைனா அதிகம் பேசுகிறவர் இல்லை. மனுவைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"நான் போடலப்பா."

"எல்லாரும் போட்டுட்டாங்க நைனா. மனு எழுதனவன் வூட்லயே போடலன்னா ஊர்ல காறித் துப்ப மாட்டானுங்களா?"

"துப்பிட்டுப் போறாங்க வுடு."

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறிவிட்டது. என் கோபம் ஜில்லா அறிந்தது. "நீயெல்லாம் ஒரு தமிழனா?" என்று அத்தனை பேர் எதிரில் கத்தினேன். அவர் எருதின் முதுகில் இன்னொரு வாளி தண்ணீரை ஊற்றினார். அவ்வளவுதான்.

அன்றோடு அவரோடு பேச்சை நிறுத்தினேன். இரண்டு மாதம் கழித்து ரேணிகுண்டாவில் பம்பாய் மெயில் ஏறியபோது ஊரே மாலையோடு வந்தது, அவர் வரவில்லை. கொல்லைக்குப் போய் அவரிடம் சொல்லிக்கொண்டு புறப்பட எனக்கும் மனசு வரவில்லை. கனடாவுக்கு வரும் கடிதங்களை அம்மா பக்கத்து வீட்டுப் பெண்ணிடம் சொல்லி எழுத வைப்பாள். "நைனா நல்லா இருக்கறாரு" என்று ஒரு வரி இருக்கும். அந்த வரியைத் தாண்டிப் படிப்பேன். ஆறு மாதமாக அப்படித்தான்.

இதையெல்லாம் வேனில் சொன்னேன், நைனா விஷயத்தைத் தவிர. அதை எப்படிச் சொல்வது?

பண்ணைக்குப் போனதும் சூட்டாவது டையாவது! அவர் ரப்பர் பூட்ஸும் பழைய மேல்சட்டையும் கொடுத்தார். மாடுகளைப் பார்த்தேன், பாருங்கள்! ஒவ்வொன்றும் எங்கள் ஊர் மாட்டைப் போல இரண்டு பங்கு. மடி தரையைத் தொட்டுவிடும் போலிருந்தது. நாலு காம்பிலும் ரப்பர் குழாயை மாட்டி ஸ்விட்சைத் தட்டினால் பால் கண்ணாடிக் குழாய்க்குள் குதித்து ஓடுகிறது. நான் ஒரு மாட்டையாவது கையால் கறந்தே தீருவேன் என்று அடம்பிடித்தேன். அவருடைய மனைவி சிரித்துக்கொண்டே ஒரு முக்காலியைக் கொண்டுவந்து போட்டார். குள்ளமான, சுறுசுறுப்பான அம்மாள். நான் கறந்த வேகத்தைப் பார்த்து, "இவரை இங்கேயே வைத்துக்கொள்ளலாம்" என்று புருஷனிடம் சொன்னார். சித்தூரில் பதவி உயர்வு கிடைத்தபோதுகூட நான் அப்படிப் பூரித்துப்போகவில்லை.

சாயங்காலம் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் விருந்து. ஒரே அறைப் பள்ளிக்கூடம். ஆளுக்கொரு பாத்திரத்தோடு வந்துவிட்டார்கள். உருளைக்கிழங்கு, பீன்ஸ், ஆப்பிள் பணியாரம் மாதிரி ஒன்று, பூசணிக்காயில் செய்த இனிப்பு ஒன்று. இதை வாசலில் வைத்து முகம் வெட்டுகிறார்கள், உள்ளே வைத்துத் தின்னவும் செய்கிறார்களே என்று ஆச்சரியப்பட்டுக்கொண்டே மூன்று துண்டு சாப்பிட்டேன். அப்புறம் பால்காரர் எழுந்து, விருந்தாளி தன் நாட்டைப் பற்றிப் பேசுவார் என்று அறிவித்துவிட்டார்.

எனக்கு மேடை என்றால் வெல்லக்கட்டி. கரும்பலகையில் வங்காள விரிகுடாவை ஒரே இழுப்பில் போட்டேன். திருப்பதி மலையைப் போட்டேன். சித்தூர், புத்தூர், நகரி, திருத்தணி எல்லாவற்றுக்கும் புள்ளி வைத்தேன். எங்கள் கிராமத்துக்கு மட்டும் திருப்பதியைவிடப் பெரிய புள்ளி. பிறகு கிளர்ச்சி, மத்தியஸ்தம், கிராமத்துக்குக் கிராமம் கணக்கு. "எங்கள் கிராமத்தில் தமிழ்க்காரர் அதிகம். ஆகவே கோடு எங்களுக்கு வடக்கே வரும்!" என்று சாக்பீஸால் கோட்டைக் கிழித்தேன். கிழித்த வேகத்தில் சாக்பீஸ் இரண்டாக உடைந்தது. எல்லாரும் கைதட்டினார்கள். அந்தக் கோட்டைக் கிழிக்கும் அதிகாரம் எனக்கே வந்துவிட்ட மாதிரி நெஞ்சை நிமிர்த்தி நின்றேன்.

முன் பெஞ்சில் பால்காரர் மனைவி ஸ்வெட்டர் பின்னிக்கொண்டிருந்தார். ஊசியை நிறுத்தாமல் கேட்டார்: "உங்கள் வயல் எந்த இடத்தில்?"

"இதோ, எங்கள் கிராமத்திலேயே."

"தண்ணீர்?"

"கிணறு. பக்கத்துக் கிராமத்து எல்லைக்குள் இருக்கிறது. கால்வாய் வழியாக வரும்" என்று அதற்கும் ஒரு புள்ளி வைத்தேன்.

"பக்கத்துக் கிராமத்தில் என்ன பாஷை?"

"அவர்கள் தெலுங்கு."

"அப்படியானால் அந்த ஊர் அந்தப் பக்கம் போகும். கோட்டுக்கு எந்தப் பக்கம் உங்கள் கிணறு?"

பலகையைத் திரும்பிப் பார்த்தேன். கிராமத்துப் புள்ளியும் கிணற்றுப் புள்ளியும் ஒட்டிக்கொண்டிருந்தன. நான் கிழித்த கோடு இரண்டுக்கும் நடுவே ஓடியது.

அவர் அதோடு விட்டிருக்கலாம். எனக்கு உதவி செய்வதாக நினைத்துத் தங்கள் கதையைச் சொன்னார். அவர்களுடைய ஊற்று ரோட்டுக்கு அந்தப் பக்கம். ஒரு வருஷம் அந்த டவுன்ஷிப்காரர்கள் ரோட்டைத் தோண்டும்போது குழாயை உடைத்துவிட்டார்கள். இவர்கள் ஆபீஸ் அது எங்கள் வேலை இல்லை என்றது. அவர்கள் ஆபீஸ் நீ எங்கள் ஆளே இல்லை என்றது. அந்தக் கோடை முழுக்க மாடுகளுக்குக் கேனில் தண்ணீர் சுமந்தார்களாம். "இத்தனைக்கும் எங்களுக்கு இரண்டு பக்கமும் ஒரே பாஷை" என்று சொல்லிச் சிரித்தார். ஊரே சேர்ந்து சிரித்தது. அவர்களுக்கு அது பழைய வேடிக்கை.

கால்வாயை எவனாவது வெட்டினால் எந்த ராஜ்யத்துக் கோர்ட்டில் நிற்பது? கிணற்றுக்குக் கரண்டு வேண்டுமானால் எந்த ராஜ்யத்தில் மனு போடுவது? நாலு பக்கத்துக்கு மனு எழுதியவன் நான். ஐந்து நிமிஷத்தில் இந்த அம்மாள் கேட்டது எனக்கு ஒரு நாளும் தோன்றவில்லை. ஆனால் ஒருத்தருக்கு அது முதல் நாளே தோன்றியிருக்கிறது. மனு ஜெயித்தால் அந்த மனுஷன் கொல்லை காய்ந்துபோகும். அவரைத்தான் தமிழனா என்று கேட்டுவிட்டு வந்திருக்கிறேன்.

திங்கட்கிழமை காலையில் முதல் வேலையாக நைனாவுக்குக் கடிதம் எழுதினேன். பேச்சை நிறுத்திய பிறகு அவருக்கு எழுதிய முதல் கடிதம். வேறு எதையும் எழுதக் கை வரவில்லை. "நம்ம கெணறு எந்தப் பக்கம் போவும் நைனா? அதுக்குத்தான் கையெழுத்து போடலயா?" என்று மட்டும் எழுதி ஓடிப்போய்த் தபாலில் போட்டேன். பிறகு ஒவ்வொரு நாளும் தபால்காரர் வரும் நேரத்துக்கு வாசலில் போய் நின்றேன்.

மூன்றாவது வாரம் பதில் வந்தது. பக்கத்து வீட்டுப் பெண்ணின் எழுத்து இல்லை, நைனாவே எழுதியது. அவர் தெலுங்குப் பள்ளிக்கூடத்தில் மூன்று கிளாஸ் படித்தவர்; தமிழ் எழுத்து தெரியாது, என் கடிதத்தை அந்தப் பெண்தான் படித்துச் சொல்லியிருப்பாள். எழுத்தெல்லாம் தெலுங்கு, பேச்சு முழுக்க எங்கள் வீட்டுத் தமிழ். ஒவ்வொரு எழுத்தாகக் கூட்டிக் கூட்டிப் படித்தேன்.

"கெணறு அந்தப் பக்கம்தான் போவும். நம்முது மட்டுமில்ல, இன்னும் ஏழு வூட்டுக் கெணறு. எந்த ராஜ்யம் வந்தாலும் கால்வாயத் தொடமாட்டோம்னு அந்த ஊர்க்காரங்க எழுதித் தரேன்னாங்க. அதுக்குத்தான் நடந்துக்கினு இருந்தேன். அந்த நேரத்துல உன் மனுவுல கையெழுத்து போட்டுட்டு அவங்க மூஞ்சில எப்பிடி முழிக்கிறது? இப்ப எழுதிக் குடுத்துட்டாங்க. இனிமே உன் மனுவ எடுத்துக்கினு வா, போடறேன். ஆனா இதக் கேக்கறதுக்கு இன்னாத்துக்குடா அவ்ளோ தூரம் போன? மாட்டுக் கொட்டாயிலயே கேட்டிருந்தா சொல்லியிருப்பனே. குளுருன்றாங்க, ஒடம்பப் பாத்துக்கோ."

மாடிப்படியிலேயே உட்கார்ந்து சிரித்தேன். சிரித்துக்கொண்டே அழுதேன். மேல்மாடியில் இருந்தவர் இறங்கி வந்து ஊரில் ஏதாவது துக்கமா என்று கேட்டார். இல்லை, எங்கள் அப்பா கடிதம் போட்டிருக்கிறார் என்றேன்.

அன்றைக்கே பதில் எழுதினேன். கிணற்றில் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது, அந்த ஊர்க்காரர்களைச் சம்மதிக்க வைக்க எத்தனை தடவை நடந்தாய், எருதுக்குக் கால் சரியாகிவிட்டதா, அன்றைக்கு நான் கத்தியபோது ஏன் என்னை ஒரு அறை விடவில்லை. நாலு பக்கக் கடிதம். முழுக்கக் கேள்விகள்தான்.