பெட்டி எப்போது வரும்?

சிங்கப்பூரில் பழைய டிவி ஒளிபரப்பை நிறுத்திவிட்டு எல்லாவற்றையும் டிஜிட்டலுக்கு மாற்றிய சமயம். நாங்கள் பிடோக்கில் இருந்தோம். பக்கத்து வீட்டில் ஓர் அக்காவும் அவர் கணவரும் மட்டும்; அவரை நான் அண்ணன் என்றுதான் கூப்பிடுவேன். கப்பல் பட்டறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்ற அண்ணனுக்கு வாய் ஓயவே ஓயாது. இடுப்பெலும்பில் ஆபரேஷன் முடிந்து வீடு திரும்பியவர், அறையிலேயே படுத்துக் கிடந்தார்.

அவர் ஆஸ்பத்திரியில் இருந்தபோதே ஹாலில் இருந்த பழைய தடி டிவியில் படம் நின்றுபோயிருந்தது. டிஜிட்டல் பெட்டி ஒன்றைப் பொருத்தி, சோபா அடைத்துக் கிடந்த ஜன்னலோரம் சின்ன ஆன்டெனா வைத்தால்தான் இனிமேல் தெரியும். அண்ணனிடம் சொன்னால், "புது டிவியே வாங்கு" என்று குதிப்பார் என்று அக்கா மூச்சே விடவில்லை. நான்தான் ஆள் பிடித்துப் பெட்டிக்குச் சொல்லிவிட்டேன்.

அக்காவுக்குக் காது கொஞ்சம் மந்தம். எனக்கோ பிறவியிலேயே பெரிய தொண்டை. வாசலில் நின்று நாங்கள் பேசினால் அடுத்த புளோக் கட்டடத்துக்கே கேட்கும்.

"அக்கா, பெட்டி வந்துடுச்சா?"

"இல்ல லா, வெள்ளிக்கிழமதான் கொண்டாருவாங்களாம்."

"ஹால்ல எடம் பத்துமா?"

"சோபாவ நகத்திட்டா பத்தும்."

"அண்ணன்கிட்ட சொல்லிட்டீங்களா?"

"ஐயோ, மூச்! சொன்னா தாங்க மாட்டாரு."

மறுநாளிலிருந்து அண்ணன் சரியாகச் சாப்பிடவில்லை. கேட்டால் சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்துக்கொள்கிறாராம். வியாழக்கிழமை அக்கா மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் நான் கொஞ்சம் கஞ்சி எடுத்துக்கொண்டு போனேன். பக்கத்தில் உட்காரச் சொன்னார்.

"நீயாச்சும் மறைக்காம சொல்லும்மா. டாக்டர் கைய விரிச்சிட்டாரா?"

"யாருண்ணே அப்படிச் சொன்னது?"

"யாரு சொல்லணும்? நான் வந்ததுலேர்ந்து வீட்டுல டிவி சத்தம்கூட இல்ல. பெட்டி வெள்ளிக்கிழம வருதுன்னு நீங்க பேசுனத என் காதால கேட்டேன்."

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அதற்குள் அவர் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"ஒண்ணே ஒண்ணு செய்யும்மா. என் பெட்டிய ஹால்ல வெக்க வேணாம், கீழ்த்தளத்துல எல்லாரு சாவுக்கும் வெக்கற அந்த வாய்ட் டெக்ல வெச்சுடுங்க. சோபாவ நகத்துனா அவளுக்கு முதுகு புடிச்சுக்கும்."

வந்த சிரிப்பு நின்றுவிட்டது. இந்த மனிதர் சாவைப் பற்றி நினைத்துக்கொண்டு தனியாகப் படுத்திருந்திருக்கிறார். அதிலும் அவருடைய கவலை அக்காவின் முதுகு. நான் அழுதேவிட்டேன்.

"அண்ணே, அது டிவிக்கு மாட்டுற பெட்டி லா!"

சட்டென்று தலையணையிலிருந்து தலையைத் தூக்கினார். பிறகு ஆரம்பித்தார் பாருங்கள், அப்படி ஒரு திட்டு! "அறிவு இருக்கா உங்களுக்கு? படுத்துக் கெடக்கறவன் காதுல விழுற மாதிரியா கத்துவீங்க?" அந்தத் திட்டு எனக்குத் தேனாக இனித்தது. கஞ்சியையும் ஒரு சொட்டு மிச்சமில்லாமல் குடித்தார்.

மறுநாள் பெட்டி வந்தது. அதை முதலில் தன்னிடம் கொண்டு வரச் சொன்னார். உள்ளங்கையில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தார்.

"இத்துனூண்டா? இதுக்குள்ளயா என்னைப் போடப் பாத்தீங்க?"

பெட்டி மாட்ட வந்த ஆள் எங்களைப் பார்த்து விழித்தார். காதில் சரியாக விழாத அக்கா, என்ன ஏது என்று தெரியாமலேயே எங்களோடு சேர்ந்து சிரித்தார். சோபாவை நான்தான் நகர்த்தினேன். "அந்த விஷயத்த அவகிட்ட சொல்லிடாத" என்று அண்ணன் கண்ணாலேயே ஜாடை காட்டினார். இன்று வரை நான் சொல்லவில்லை.

நோயாளி இருக்கும் வீட்டுக்குப் போனால் இப்போதெல்லாம் வாசலில் நின்று பேசுவதில்லை. நேராக உள்ளே போய் அவரிடமே பேசுகிறேன். என் வீட்டுக்காரரோடு சண்டை முற்றும்போது மட்டும் அந்த சோபா நினைவுக்கு வரும். பாதிக் கோபம் அங்கேயே இறங்கிவிடும்.