கிணற்றிலிருந்து ஆயிரம் அடி

1908 மே 4. நிலப் பதிவு. 14 டாலர்.
1909 ஜூலை 20. முதல் கிணறு, 62 அடி, உப்பு. 31 டாலர்.
1910 ஆகஸ்ட் 2. இரண்டாம் கிணறு, 85 அடி, உப்பு. 42 டாலர் 50 சென்ட்.
1911 ஜூன் 17. மூன்றாம் கிணறு, 118 அடி, நல்ல தண்ணீர். 88 டாலர்.
1919 நவம்பர் 1. டெலிபோன் பங்கு. 25 டாலர்.
1952 செப்டம்பர் 9. ஏக்கருக்கு 1 டாலர். மொத்தம் 160.
1952 செப்டம்பர் 30. ஏக்கருக்கு 5 டாலர். மொத்தம் 800.
1952 அக்டோபர் 16. ஏக்கருக்கு 10 டாலர். மொத்தம் 1,600.
1952 அக்டோபர் 17. அபராதம். 5 டாலர்.

முதல் நான்கு வரிகள் ரக்னா ட்வைட்டன் தன் பைபிளின் கடைசித் தாளில் எழுதி வைத்திருந்தவை. மற்றவை என் நோட்டிலிருந்து எடுத்தவை. என் பெயர் ஐவர். எங்கள் பகுதியின் டெலிபோன் சங்கத்துக்கு நான் முப்பத்தொரு வருடம் செயலாளராக இருந்தேன். பன்னிரண்டு வீடுகள், ஒரே கம்பி; ஒருவர் பேசினால் மற்றவர்களும் ரிசீவரை எடுத்துக் கேட்கலாம். கம்பம் சாய்ந்த நாள், சந்தா கட்டிய நாள், யார் எப்போது பொது மணி அடித்தார்கள் என்பதெல்லாம் என்னிடம் இருக்கிறது.

ரக்னா இருபத்திரண்டு வயதில் நார்வேயிலிருந்து தனியாக வந்து, வடக்கு டகோட்டாவின் இந்த மேற்கு மூலையில் நூற்றறுபது ஏக்கர் பதிவு செய்துகொண்டவள். கல்யாணம் செய்துகொள்ளவில்லை. இப்படித் தனியாக வந்து நிலம் பிடித்தவளைத் துணிச்சல்காரி என்று நினைப்பீர்கள். அப்படி இல்லை. இடிக்குப் பயம், காளைக்குப் பயம், மாவட்ட ஆபீஸில் கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கிற ஆளுக்குப் பயம். டெலிபோனில் பேசவும் பயம். பங்கு வாங்கிய முப்பத்து மூன்று வருடத்தில் அவள் யாரையாவது கூப்பிட்டது ஒன்பது முறை. ஆனால் கேட்பாள். மற்ற வீட்டு மணி அடித்தால் மெல்ல ரிசீவரை எடுப்பாள். அவள் வீட்டுச் சுவர்க் கடிகாரம் நொண்டி நொண்டி அடிக்கும். அந்தச் சத்தம் கேட்டால் ரக்னா லைனில் இருக்கிறாள் என்று எல்லோருக்கும் தெரியும். யாரும் சொல்ல மாட்டோம். நாங்களும் கேட்டுக்கொண்டுதானே இருந்தோம்?

அவளிடம் இருந்த ஒரே செல்வம் அந்த மூன்றாவது கிணறு. சுற்றுவட்டாரத்தில் தோண்டுகிற கிணறெல்லாம் உப்புக்கரிக்கும். 1934இலும் 1936இலும் வானம் பொய்த்தபோது ஒன்பது குடும்பங்கள் பீப்பாய் கட்டிய வண்டிகளோடு அவள் முற்றத்தில் வரிசையில் நின்றன. ஒரு சென்ட் வாங்கவில்லை. கிணற்றுக் கயிற்றில் முடிச்சுப் போட்டு நீர்மட்டம் பார்ப்பாள். அது இறங்க இறங்க அவள் முகமும் இறங்கும். ஆனாலும் யாரையும் திருப்பி அனுப்பியதில்லை.

1951இல் டயோகா பக்கம் எண்ணெய் கிடைத்தது. அடுத்த வருடம் ஆகஸ்டில் ரக்னா அந்தத் திசையில் இருந்த தன் அண்ணன் மகளைப் பார்க்கப் போனாள். அண்ணன் மகள் நிலத்தில் எண்ணெய்க்குத் துளை போடுகிற கோபுரம் நின்றது. எண்ணெயோடு வந்த உப்பு நீரை வீட்டுக்கு நூற்றைம்பது அடி தள்ளி ஒரு குழியில் தேக்கியிருந்தார்கள். ரக்னாவுக்குக் காபி கொடுத்தார்கள். ஒரு வாய் குடித்தாள். கோப்பையைக் கீழே வைத்துவிட்டாள். தொட்டியில் விட்ட தண்ணீரை ஆடுகள் முகர்ந்துவிட்டு விலகிப் போவதையும் பார்த்தாள். திரும்பி வந்தவள் என்னிடம் சொன்னது ஒரே வரி: "ஐவர், என் முதல் கிணத்துத் தண்ணி மாதிரியே இருந்துச்சு."

செப்டம்பர் 9 அன்று ஹக்கபி வந்தார். ஓக்லஹோமாக்காரர், துல்சாவில் இருந்த ஒரு கம்பெனிக்கு எண்ணெய்க் குத்தகை பிடித்துக் கொடுக்கிற ஏஜென்ட். நல்ல தொப்பி, நல்ல சிரிப்பு. ரக்னா கதவை நான்கு விரல் அளவு திறந்து, வேண்டாம் என்று சொல்லி மூடிவிட்டாள். மாதக் கடைசியில் மறுபடி வந்தார். மூன்றாம் முறை வருகிறார் என்று தெரிந்ததும், சட்ட இங்கிலீஷில் இருக்கிற காகிதத்தைப் படித்துச் சொல்ல என்னைக் கூப்பிட்டாள். அது அவளுடைய ஒன்பதாவது கூப்பிடல்.

அக்டோபர் 16, வியாழக்கிழமை. சமையலறை மேஜையில் காகிதத்தை விரித்தார். பத்து வருடக் குத்தகை. எண்ணெய் எடுத்தால் எட்டில் ஒரு பங்கு அவளுக்கு. கையெழுத்துக்கு ஏக்கருக்குப் பத்து டாலர். வீட்டிலிருந்தும் கொட்டிலிலிருந்தும் இருநூறு அடிக்குள் துளைக்க மாட்டார்கள் என்று இருந்தது. கிணற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. அவள் கிணறு வீட்டிலிருந்து முந்நூற்றுப் பத்து அடி. நானே அளந்திருக்கிறேன்.

ரக்னா மேஜை விரிப்பின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு கேட்டாள். "கிணத்துக்கு ஆயிரம் அடி தள்ளித்தான் தோண்டணும்னு எழுதித் தருவீங்களா?"

"அம்மா, இது அச்சடிச்ச காகிதம். ஒரு கமாவைக்கூட என்னால மாத்த முடியாது. துல்சாவுல எனக்கு வேலை போயிடும்."

"அப்ப எனக்கு வேண்டாம்."

"வேண்டாம்னா விட்டுடறேன். ஆனா ஒண்ணு புரிஞ்சுக்குங்க. சுத்தி இருக்கற எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சு. நீங்க ஒருத்தர்தான் பாக்கி. வேலிக்கு அந்தப் பக்கம் தோண்டினா உங்க அடியில இருக்கற எண்ணெயும் அந்தக் குழாய்லதான் ஏறும். எண்ணெய்க்கு வேலி தெரியுமா? உங்களுக்கு ஒரு சென்ட் வராது. உப்புத் தண்ணிக் குழியை மட்டும் உங்க வேலியோரமாவே வெட்டுவாங்க. அதுல நீங்க ஒண்ணும் சொல்ல முடியாது."

அவள் மேஜை விரிப்பை விடவில்லை. கையெழுத்துப் போட்டாலும் கிணறு போகும், போடாவிட்டாலும் போகும் என்றால் ஒரு மனுஷி என்ன செய்வாள்?

"சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு வருவேன். அதுக்கப்புறம் பத்து டாலரும் இல்ல, ஒரு டாலரும் இல்ல. தொகை நமக்குள்ள இருக்கட்டும்மா. டெலிபோன்ல வாய விட்டுடாதீங்க. உங்களுக்கு மட்டும்தான் இந்த விலை." எழுந்தவர் என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

அந்தக் கண்ணடிப்புக்குக் காரணம் இருந்தது. ஆகஸ்ட் 28 அன்று நான் அவருக்குக் கையெழுத்துப் போட்டிருந்தேன். ஏக்கருக்கு ஒரு டாலர். என்னிடமும் எல்லோரும் போட்டாயிற்று, நீங்கள்தான் கடைசி என்றுதான் சொன்னார். ஊர்க் கணக்கெல்லாம் சரியாக எழுதுகிற நான் ஒரு டாலருக்கு ஏமாந்தேன் என்பதை ரக்னாவிடம் சொல்ல வெட்கமாக இருந்தது. அவள் கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். இதையும் எழுதத்தான் வேண்டும்.

பொது மணி பற்றிச் சொல்ல வேண்டும். ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு மணி அடையாளம் உண்டு. ரக்னாவுக்கு மூன்று குட்டை மணி. டெலிபோன் கைப்பிடியை நிறுத்தாமல் சுற்றினால் பன்னிரண்டு வீட்டிலும் விடாமல் அடிக்கும். அதுதான் பொது மணி. தீ, பனிப்புயல், காணாமல்போன குழந்தை, சாவு, இவற்றுக்கு மட்டும். வேறு எதற்காவது அடித்தால் ஐந்து டாலர் அபராதம் என்று சங்க விதி ஏழு சொல்கிறது.

வேறு வீட்டு மணிக்கு ரிசீவரை எடுத்தவர்கள் மூச்சுவிடக் கூடாது. பேசினால் ஒட்டுக்கேட்டது வெளியே வந்துவிடும். ஆகவே ரக்னா ஒருவரைக் கூப்பிட்டால் பதினோரு பேரும் கேட்பார்கள், அந்த ஒருவரைத் தவிர யாரும் பதில் சொல்ல மாட்டார்கள். எல்லோரும் எடுக்கலாம், எல்லோரும் பேசலாம் என்று இருந்தது பொது மணிக்கு மட்டும்தான்.

வெள்ளிக்கிழமை, அக்டோபர் 17, பகல் பன்னிரண்டு பத்து. எல்லோரும் சாப்பாட்டு மேஜையில் இருக்கிற நேரம். மணி விடாமல் அடித்தது. நான் ஒரு கையால் வாளியை எடுத்துக்கொண்டுதான் ரிசீவரை எடுத்தேன்.

"எங்க? எங்க தீ?" என்று கில்மா ப்ரெக்கெ கத்தினாள். வடக்குப் பண்ணைக்காரி, லைனில் முதலில் எடுப்பவள் எப்போதும் அவள்தான்.

நொண்டிக் கடிகாரம் கேட்டது. பிறகு, "தீ இல்ல."

"யாரு? ரக்னாவா? ஏண்டி, யாரு செத்தா?"

"யாரும் சாகல. அந்த எண்ணெய்க்காரர் உங்களுக்கெல்லாம் எவ்வளவு தரேன்னு சொன்னாரு?"

பன்னிரண்டு ரிசீவரும் எடுத்திருந்தால் குரல் தேய்ந்து நூலாகிவிடும். "என்ன சொல்றா? கேக்கல!" என்றார் யாரோ. வாழ்நாளில் உரக்கப் பேசாத அந்தப் பெண் கத்தினாள்.

"எவ்வளவு? எனக்குப் பத்து டாலர்! கிணத்துக்கு ஆயிரம் அடி எழுதித் தரமாட்டேங்கறாரு! அச்சடிச்சதை மாத்த முடியாதாம்! நாளைக்குப் பன்னெண்டு மணி வரைக்கும்தான்! எனக்குப் பயமா இருக்கு!"

எங்கள் ஊரில் பணத்தைப் பற்றிக் கேட்பதும், பயமாக இருக்கிறது என்று சொல்வதும் இரண்டுமே செய்யாத காரியம். யாரோ ஒருவர் வாயிலிருந்த உருளைக்கிழங்கை மெல்ல விழுங்குவது கேட்டது.

"பத்தா!" என்று கடைசியில் கில்மாதான் வாயைத் திறந்தாள். "எனக்கு ரெண்டுன்னான்! ஊருக்கே நீங்கதான் கடைசின்னு சொன்னான் அந்தத் தொப்பிக்காரன்!"

"என்கிட்டயும் கடைசின்னுதான் சொன்னான்."

"எனக்கு நாலு. நான்தான் கடைசியாம்."

"அடேயப்பா, இத்தனை கடைசியா ஒரு ஊருக்கு!"

அப்போது நான் பேசினேன். "நான் ஐவர். நான் போட்டுட்டேன். ஒரு டாலர்."

"ஒண்ணா? நீயா? அந்த நோட்டை எல்லாம் கொண்டுபோய் அடுப்புல போடு, ஐவர்!" சிரித்தது யார் என்று தெரியும். எழுதப்போவதில்லை.

எண்ணிப் பார்த்தால் போட்டவர்கள் நாலு பேர். போடாதவர்கள் ரக்னாவோடு எட்டு.

பிறகு செல்மர் ஹோவ்டெ தொண்டையைச் செருமினார். ரக்னாவின் கிழக்கு வேலிக்காரர். கால்காசுக்குக் கணக்குப் பார்ப்பவர், ஒரு சொல்லைக்கூடச் சும்மா கொடுக்காதவர். 1936இல் அவர் வண்டிதான் ரக்னா முற்றத்தில் அதிக நாள் நின்றது.

"மாத்தலாம்," என்றார்.

"என்ன?"

"காகிதத்தை மாத்தலாம். நான் மூணு டாலருக்குப் போட்டேன். கொட்டிலுக்கு ஐந்நூறு அடின்னு கேட்டேன். ஓரத்துல டைப் அடிச்சுக் கொடுத்தான். யார்கிட்டயும் சொல்லாதேன்னான். சொல்லல."

"மகராசா, இதை இப்பவாவது சொல்லத் தோணிச்சே!"

"இப்பத்தானே கேட்டா," என்று சொல்லி செல்மர் ரிசீவரை வைத்துவிட்டார்.

மறுநாள் பன்னிரண்டு மணிக்கு ஹக்கபி வந்தபோது ரக்னாவின் முற்றத்தில் கையெழுத்துப் போடாத மற்ற ஏழு பேரின் வண்டிகளும் நின்றன. அவள் மேஜைக்குப் பின்னால் நின்றாள். நான் எழுதிக் கொடுத்ததைப் படித்தாள். எட்டுப் பேருக்கும் ஒரே விலை. எந்தத் தண்ணீர்க் கிணற்றுக்கும் ஆயிரம் அடிக்குள், வேலிக்கு எந்தப் பக்கமானாலும், துளையோ குழியோ கூடாது. அது டைப் அடித்து வந்தால் கையெழுத்து.

ஹக்கபியின் சிரிப்பு போய்விட்டது. "இப்படிக் கூட்டம் சேர்த்தா கம்பெனி உங்க பக்கமே திரும்பிப் பாக்காது. துல்சாவுக்கு எழுதறேன். பதில் கவர் மெல்லிசா வந்தா, அது 'வேண்டாம்'தான். அப்ப இந்த அம்மாகிட்டப் போய் உங்க பணத்தைக் கேளுங்க." தொப்பியை எடுத்துக்கொண்டு போனார்.

அதற்குப் பிந்திய வாரங்களில்தான் ரக்னா உண்மையிலேயே பயந்தாள் என்பேன். கிணறு போனால் அந்த நஷ்டம் அவளோடு போகும். இப்போது ஏழு குடும்பத்தின் பணமும் அவள் தலையில் இருந்தது. நவம்பர் 6 அன்று செல்மரின் நிலத்தில் துளைக் கோபுரம் ஏறியது. அவள் சமையலறை ஜன்னலுக்கு நேரே. அந்த ஜன்னலுக்குச் சாக்கைத் தொங்கவிட்டாள். தினமும் காலையில் தண்ணீர் இறைத்து, ஒரு வாய் வாயில் வைத்துக்கொண்டு அசையாமல் நிற்பாள். கோபுரம் இன்னும் துளைக்கவே ஆரம்பிக்கவில்லை என்று சொன்னேன். "தெரியும்," என்றாள். மறுநாளும் நின்றாள்.

லைனிலும் பேச்சு மாறியது. "ரெண்டு டாலராவது கையில இருந்திருக்கும். இப்ப அதுவும் போச்சு. கிணத்துக்காரி பேச்சைக் கேட்டு..." என்று கில்மா தன் தங்கையிடம் சொன்னாள். பின்னால் நொண்டிக் கடிகாரம் அடித்துக்கொண்டிருந்தது. கில்மாவுக்கும் அது கேட்டிருக்கும். நிறுத்தவில்லை. கடிகாரச் சத்தம் நின்றது, ரக்னா ரிசீவரை வைத்துவிட்டாள். அதன்பின் மூன்று வாரம் அந்தச் சத்தம் லைனில் வரவில்லை. தேவாலயத்திலும் கடைசி வரிசையில், கதவோரமாக உட்கார்ந்தாள்.

ஹக்கபி தொப்பியை எடுத்துக்கொண்டு போய் ஐம்பத்து நாலு நாள் கழித்துத் தபால்காரர் ஒரு கவரை அவள் பெட்டியில் போட முடியாமல் வீட்டுக் கதவைத் தட்டினார். தடிமனான கவர். அதைப் பார்த்த பிறகும் அவள் பிரிக்கவில்லை. பனியில் ஒன்றரை மைல் நடந்து என் வீட்டுக்கு எடுத்துவந்தாள். கையுறையைக் கழற்றாமலே மேஜையில் வைத்தாள்.

"நீங்க பிரிங்க. கெட்டதா இருந்தா முதல் வரியோட நிறுத்திடுங்க."

உள்ளே எட்டுக் குத்தகைக் காகிதங்கள். ஒவ்வொன்றின் ஓரத்திலும் டைப் அடித்த ஒரு வரி: எந்தத் தண்ணீர்க் கிணற்றிலிருந்தும் ஆயிரம் அடிக்குள், வேலிக்கு எந்தப் பக்கமானாலும், துளையோ குழியோ கூடாது. விலை, எல்லோருக்கும் ஏக்கருக்கு ஐந்து டாலர். அவளுக்கு மட்டும் எண்ணூறு டாலர் நஷ்டம். மற்ற ஏழு பேருக்கும் லாபம். நாலு டாலருக்கு மேல் அவர்களில் யாருக்கும் சொல்லப்பட்டிருக்கவில்லை.

மூன்று முறை படிக்கச் சொன்னாள். அந்த ஒரு வரியை மட்டும் நாலாம் முறை. விலையைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை.

"ஆயிரம்னு எழுத்துல இருக்கா, எண்ல இருக்கா?"

"ரெண்டுலயும் இருக்கு."

அவள் எழுந்து சுவரில் இருந்த என் டெலிபோன் பக்கம் போனாள். கையுறையோடு பிடித்ததில் கைப்பிடி முதலில் நழுவியது.

"ரக்னா, விதி ஏழு," என்றேன்.

"எழுதிக்குங்க, ஐவர். அஞ்சு டாலர்," என்று சொல்லிவிட்டுச் சுற்ற ஆரம்பித்தாள்.

எட்டுப் பேரும் அந்த வாரத்துக்குள் கையெழுத்துப் போட்டார்கள். என் நோட்டில் அன்றைய வரி இப்படி இருக்கிறது: ரக்னா ட்வைட்டன், பொது மணி, இரண்டாம் முறை, தீ இல்லை, அபராதம் 5 டாலர், கட்டியாயிற்று. துல்சாக் கடிதம் வந்தது, 1952 டிசம்பர் 11, வியாழக்கிழமை.