அப்புறம் பேசலாம்

நம்பாதவர்கள் நேரில் வரலாம். என் தங்கை கணவரின் தாடையில் இருக்கும் தகட்டைத் தொட்டுப் பார்க்கலாம். நான் கதை கட்டவில்லை.

மாப்பிள்ளை ஒரு மென்பொருள் அலுவலகத்தில் ஸ்க்ரம் மாஸ்டராகச் சேர்ந்தார். குழுவை மேய்க்கிற வேலை என்று வைத்துக்கொள்ளுங்கள். வெகுநாள் வீட்டில் சும்மா இருந்துவிட்டுக் கிடைத்த வேலை, அதனால் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அங்கே தினமும் காலையில் ஸ்டாண்ட்-அப். எல்லோரும் வட்டமாக நின்று, நேற்று என்ன செய்தோம், இன்று என்ன செய்வோம், என்ன தடை என்று சொல்லவேண்டும். தடையைப் பற்றி யாராவது நீட்டி முழக்கினால், "அப்புறம் பேசலாம்" என்று வெட்டிவிடுவார். அதில் மாப்பிள்ளை கெட்டிக்காரர்.

முதல் வாரமே ஒன்று உறுத்தியது. வெள்ளைப் பலகையை ஒட்டி ஓர் ஆள் நிற்கும் இடம் காலியாகவே இருந்தது.

"நெருக்கிட்டு நிக்கிறீங்களே, அங்க இடம் இருக்குல்ல?"

"வேணாம் சார்," என்றார் குழுவில் இருந்த டெவலப்பர் ஒருவர். அவ்வளவுதான்.

திங்கட்கிழமை. பட்டப்பகல். எல்லோரும் சொல்லி முடித்தார்கள். மாப்பிள்ளை லேப்டாப்பில் கண்ணாக இருந்தார்.

"நேத்து கதவத் தட்டினேன்," என்றது ஒரு பெண் குரல். "இன்னைக்கும் தட்டுவேன். தடை... பூட்டு."

அவர் நிமிரவே இல்லை. பழக்கதோஷம்.

"அப்புறம் பேசலாம்."

டொக்... டொக்... டொக்...

நிமிர்ந்தார். எல்லோரும் எதிர்ச் சுவரோடு ஒட்டி நின்றார்கள்.

வாய்க்குள் சில்லென்று ஏதோ புகுந்தது. விரல்கள்...

தலை பலகையில் மோதியது. மறுபடியும்... மறுபடியும்...

தாடையைப் பிடித்துக் கீழே இழுத்தது.

மடக்.

மருத்துவமனையில் அவர் நாக்குக்கு அடியிலிருந்து ஒரு நகத்தை எடுத்தார்கள். வேரோடு பிய்ந்த நகம். அவருடையது அல்ல.

பார்க்க வந்த அதே டெவலப்பர் என்னை வெளியே அழைத்துப்போய்ச் சொன்னார்.

"முன்னாடி ஒரு டெஸ்டர் அக்கா இருந்தாங்க. அந்தக் காலி இடத்துலதான் நிப்பாங்க. சர்வர் ரூம் பூட்டு சிக்கிக்குது, உள்ள போனா திறக்க முடியலன்னு தினமும் சொல்வாங்க. அப்புறம் பேசலாம்னுடுவோம். ஒருநாள் உள்ள மாட்டிக்கிட்டாங்க. மூச்ச அடைக்கிற அந்தத் தீயணைக்கிற வாயு திறந்துக்கிச்சு. தட்டுற சத்தம் கேட்டுது அண்ணே. ஸ்டாண்ட்-அப் முடியட்டும்னு நின்னுட்டோம்... திறந்தப்ப அவங்க விரல்ல ஒரு நகம்கூட இல்ல."



"இப்பவாவது பூட்ட மாத்தினீங்களா?"

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"இல்லண்ணே. இவரத்தான் மாத்திட்டாங்க. நாளைக்குப் புதுசா ஒருத்தர் வர்றார்."