மூன்றரை மணி நேரமும் மூன்று நாளும்

ஸ்டெல்லா அக்கா இறந்த செய்தி செவ்வாய்க்கிழமை காலை போர்ட் பிளேரிலிருந்து போனில் வந்தது. மாலை நான்கு மணிக்கு அடக்கம் என்றார்கள். நான் இருப்பது தீவுக்கூட்டத்தின் தென்கோடியில், கேம்பல் பேயில். நடுவே ஐந்நூறு கிலோமீட்டருக்கு மேல் கடல். அன்று ஹெலிகாப்டரும் இல்லை, கப்பலும் இல்லை. கடைசியாக முகம் பார்க்க முடியாதது எனக்குப் பெரிய வருத்தம்.

போர்ட் பிளேரில் ஹெலிகாப்டர் சீட்டு கொடுக்கும் கவுண்டரில் ஆறு வருடம் அவருக்குப் பக்கத்து நாற்காலி என்னுடையது. அங்கே வந்து போனவர்களுக்கு அவரைத் தெரியாமல் இருக்காது. பயணியை மூட்டையோடு நிறுத்தி எடை பார்ப்போம். "கருவாட்ட இறக்கி வச்சிட்டு நீங்க மட்டும் ஏறுங்கம்மா. ரெண்டு பேருக்கு எடமில்ல" என்பார். எவ்வளவு நேரமாகும் என்று கேட்டால், "பறக்கிறது மூன்றரை மணி நேரம். போய்ச் சேர்றது மௌசம் விட்டாத்தான்" என்பார். வானிலைக்குத் தீவில் எல்லோர் வாயிலும் மௌசம்தான். அதோடு விடமாட்டார். காத்திருப்பதா, மூன்று நாள் கப்பலில் போவதா என்பதையும் அவரே சொல்லிவிடுவார். எனக்கு எரிச்சலாக இருக்கும்.

சுனாமிக்குப் பிறகு நான்காம் வருடம், கேம்பல் பேயில் என் அப்பாவுக்குக் கடைசிக் கட்டம் என்று தகவல் வந்தது. இரண்டு நாளாக மழை, ஹெலிகாப்டர் ரத்து. மறுநாள் பறந்தால் எனக்கு இடமுண்டு. கப்பல் அன்று மதியமே.

"மௌசம் தெளியிற மாதிரி இல்ல தம்பி. நாளைக்கு நாளைக்குன்னு உக்காந்தே இருப்ப. கப்பல்ல ஏறு" என்றார் அக்கா.

ஏறினேன். மறுநாள் காலை வானம் வெளுத்து, ஹெலிகாப்டர் பறந்தது. அப்பா அன்று மாலை வரை நினைவோடு இருந்து என்னைக் கேட்டாராம். நான் போய் இறங்கியபோது, ஒரே மகன் நான் இருக்க, தங்கையின் கணவர் கொள்ளி வைத்து முடித்திருந்தார்.

திரும்பி வந்து அக்காவோடு பேசவில்லை. நாற்காலியையும் தள்ளிப் போட்டுக்கொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்த கையோடு டெய்ரி ஃபார்ம் பகுதியில் இருந்த என் வீட்டுக்கு வந்தார். உட்காரவில்லை.

"நான் சொல்லித்தான் நீ போன. நான் சொன்னது தப்பாப் போச்சு. உங்கப்பா முகத்த நீ பாக்காதது என்னாலதான்."

மழைமேல் அவர் பழி போடவில்லை. "உக்காருங்கக்கா" என்றேன். என் மனைவி டீ போட்டுக் கொடுத்தாள்.

இனி யாருக்கும் வாயைத் திறக்கமாட்டார் என்று நினைத்தேன். மறுநாளே ஒருவர், ஊரில் அம்மாவுக்கு முடியவில்லை, இருப்பதா கப்பலுக்குப் போவதா என்று கேட்டார். அக்கா ஜன்னல் வழியே வானத்தைப் பார்த்தார். என்னையும் ஒரு தடவை பார்த்தார். "கப்பலுக்குப் போங்க" என்றார்.

எனக்கு அந்தத் தைரியம் இருந்ததில்லை. கேம்பல் பே கவுண்டருக்கு மாற்றலாகி வந்த இத்தனை வருடமும் "உங்க இஷ்டம்" என்றே சொல்லி வந்திருக்கிறேன். என்மேல் யாருக்கும் குறை கிடையாது. அக்காவிடமிருந்து எதையாவது வைத்துக்கொள்வதென்றால் அந்தத் தைரியத்தைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும்.

நேற்று ஒருவர் வந்தார். மகள் போர்ட் பிளேர் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், நாளை ஹெலிகாப்டர் வருமா, இன்றே கப்பலுக்குப் போகட்டுமா என்றார். வானம் இருண்டு கிடந்தது. "கப்பலுக்குப் போங்க" என்றேன்.

அவர் இப்போது கடலில் இருக்கிறார். இங்கே காலையிலிருந்து நல்ல வெயில். பத்து மணிக்கு ஹெலிகாப்டர் வந்து போய்விட்டது. அவர் ஊர் திரும்பியதும் நானே வீடு தேடிப் போய்ப் பார்க்க வேண்டும்.