முட்டைக்குள் பதினொரு ஓட்டுநர்கள்

என் அக்கா பெர்மெட் கதவைப் பூட்டினால் மூன்று முறை இழுத்துப் பார்ப்பாள். படிக்கட்டில் பாதி இறங்கியபின் நான்காவது முறை பார்க்கத் திரும்பி வருவாள். இப்படிப்பட்ட ஒருத்தி பிஷ்கெக் நகரில் இணையப் பக்கம் செய்து பிழைக்கிறாள். பொருத்தம்தான். அந்த வேலையில் ஓர் அரைப்புள்ளி விட்டுப்போனாலே பக்கம் குலைந்துவிடும்; அவளும் சேர்ந்து குலைந்துவிடுவாள்.

நான் ஒன்பதாம் வகுப்போடு பள்ளியை விட்டவள். பள்ளியும் வற்புறுத்தவில்லை. அக்காவின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தே எனக்குக் கொஞ்சம் சி.எஸ்.எஸ். தெரியும். பக்கத்திலுள்ள பெட்டிகளுக்கும் படங்களுக்கும் நிறம், அளவு எல்லாம் சொல்கிற எழுத்து அது. அதில் ஒரு வரி மூலைகளை வளைக்கும். எண் கூடினால் வளைவு கூடும்.

நவம்பரில் அவளுக்கு ஒரு வேலை வந்தது. தலாஸ் ஊருக்குச் சிற்றுந்து ஓட்டும் பதினொரு பேருக்கு ஒரு பக்கம்: படம், பெயர், தொலைபேசி எண். அந்தப் படங்களின் மூலைக்கே இரண்டு நாள் எடுத்துக்கொண்டாள். நான்கு பிக்சல் வளைத்தால் முறைப்பாக இருக்கிறதாம், பன்னிரண்டு வளைத்தால் சோப்புக்கட்டி மாதிரி இருக்கிறதாம். என்னைக் கேட்டாள், அம்மாவைக் கேட்டாள், மீட்டர் பார்க்க வந்தவரையும் விடவில்லை. கடைசியில் எட்டு.

மறுநாள் அடுப்பை அணைத்தோமா என்று பார்க்க அவள் எழுந்துபோன நேரத்தில், எட்டு பிக்சலை ஐம்பது விழுக்காடு ஆக்கி வைத்தேன். முகமெல்லாம் பந்து மாதிரி உருண்டையாகும், கத்துவாள், சிரிக்கலாம். அவ்வளவுதான் என் திட்டம்.

படங்கள் சதுரமில்லை, உரிமத்திலிருந்து எடுத்த நெட்டைப் படங்கள் என்பதை நான் யோசிக்கவில்லை. நெட்டைப் படம் உருண்டை ஆகாது, முட்டை ஆகும். அதே நேரம் ஓட்டுநர்களின் தலைவர் குபாத் பைகே, அதாவது குபாத் அண்ணன், போன் செய்து, "போட்டாச்சா இல்லையா?" என்று கத்துவார் என்றும் எதிர்பார்க்கவில்லை. பூட்டை மூன்று முறை இழுப்பவள், அன்று பார்க்காமலே பக்கத்தை ஏற்றிவிட்டாள்.

ஒரு மணிக்கு ஒரு பெண் கூப்பிட்டாள்.

"நீதானா அந்தப் பக்கம் செஞ்சவ? உயிரோட இருக்கிற என் புருஷனை எதுக்குடி கல்லுல ஏத்துன?"

பெர்மெட் பக்கத்தைத் திறந்தாள். பதினொரு ஆண்கள், கறுப்பு வெள்ளையில், நேராகப் பார்த்தபடி, ஆளுக்கொரு முட்டைக்குள். கீழே பெயர். எங்கள் ஊரில் அப்படிப்பட்ட படம் கல்லறைக் கல்லில்தான் இருக்கும். பிறந்த தேதியும் இறந்த தேதியும் மட்டுமே குறை.

கூப்பிட்டவள் புருல்கான். அவள் கணவர் தொக்தோசுன் காலை எட்டு மணிக்கே கிளம்பியிருந்தார். கணவாயில் பனி. "தாண்டினதும் பன்னண்டு மணிக்குக் கூப்பிடுவாரு. இன்னும் கூப்பிடல" என்றாள்.

பெர்மெட் அந்த ஐம்பதைக் கண்டுபிடித்தாள். என்னைப் பார்த்தாள். எட்டாக மாற்றி ஏற்றினாள். ஐந்து நிமிடத்தில் மறுபடி புருல்கான்.

"இன்னும் முட்டைதான் தெரியுது!"

போன்கள் பழைய கோப்பைச் சேமித்து வைத்துக்கொண்டு அதையே காட்டும். கோப்பின் பெயரை மாற்றினால்தான் புதிதாக வாங்கும். பெர்மெட்டின் அவசரத்தில் பெயர் ஓரிடத்தில் தப்பாக விழுந்து, பக்கம் முழுக்க அலங்காரம் உரிந்து நின்றது. திருத்தினாள். மணி ஒன்றே முக்கால். தொக்தோசுன் இன்னும் கூப்பிடவில்லை.

"அவருக்கு ஏதாவது ஆயிருச்சுன்னா?" என்றாள் பெர்மெட்.

"மூலை வளைஞ்சா வண்டி கவுருமா, எஜே? பனி என்ன உன் சி.எஸ்.எஸ்.ஸைப் படிச்சிட்டா பெய்யுது?" என்றேன். அக்காவை எங்கள் ஊரில் எஜே என்போம்.

"நீ பேசாத."

அதன்பின் என் நகைச்சுவை எனக்கே பிடிக்கவில்லை. அவள் கையிலிருந்த போனைப் பிடுங்கி, புருல்கானைக் கூப்பிட்டு, "புருல்கான் எஜே, அவ செய்யல. நான்தான் விளையாட்டுக்கு மாத்துனேன்" என்றேன்.

 "உனக்கு மாமியாரா வரப்போறவளை நினைச்சா இப்பவே பாவமா இருக்கு" என்றாள். உடனே தணிந்த குரலில், "உங்க அக்கா பக்கத்துல போய் உக்காரு. அந்தப் பொண்ணு குரலே சரியில்ல."

போய் உட்கார்ந்தேன். பெர்மெட் என் விரலைப் பிடித்துக்கொண்டாள், தன் நகத்தைக் கடித்து முடித்துவிட்டதாலோ என்னவோ.

இரண்டு நாற்பதுக்குத் தொக்தோசுனே கூப்பிட்டார். சுரங்கப் பாதையில் கரி லாரி ஒன்று குறுக்கே நின்றுவிட்டதாம்.

"பொண்டாட்டி எல்லாம் சொன்னா. படத்தைப் பார்த்தேன், நல்லாத்தான் இருக்கேன். ஆனா மகளே, மூலையை மூலையாவே விடு. நான் இன்னும் உருள ஆரம்பிக்கல."

பெர்மெட் சிரித்தாள். சிரிக்கும்போதே அழுதாள். அவருக்குக் கேட்கக் கூடாதென்று நான் இருமினேன்.

சாயங்காலம் குபாத் பைகே, "பதினொரு பேருக்கும் கூர் மூலை. வளைவு கிளைவு எதுவும் வேணாம்" என்று சொல்லிவிட்டார். பெர்மெட் பூஜ்யம் போட்டாள். ஏற்றினாள். அடுப்பைப் பார்க்க எழுந்தவள் பாதி வழியில் திரும்பி வந்து, பூஜ்யத்தை இரண்டாக்கினாள்.

"யாருக்கும் தெரியாது" என்றாள்.

திரையில் மூக்கு இடிக்கும்வரை குனிந்து பார்த்தேன். எனக்கும் தெரியவில்லை.

"நீ போய் உக்காரு எஜே" என்று சொல்லிவிட்டு, அடுப்பைப் பார்க்க நானே போனேன். அணைந்துதான் இருந்தது. இருந்தாலும் அதன் குமிழை இன்னொரு முறை திருகிப் பார்த்தேன்.