சித்ராதேவி கேட்ட காரணம்

பல்லடம் சாலையில் ஒரு சிறிய மருத்துவமனையில் பதிவேடு எழுதுவது என் வேலை. அங்கே பிரசவ அறையில் இருபத்திரண்டு ஆண்டுகள் நர்ஸாக இருந்த சித்ராதேவி சென்ற மாதம் ஓய்வு பெற்றார்.

குழந்தை வெளிவரும் வழியை அகலப்படுத்தக் கத்தரிக்கோலால் வெட்டித் தைப்பது உண்டு. 2018இல் எங்களிடம் தலைப்பிரசவம் 112, வெட்டு 97. தானாகக் கிழிந்தால் மோசமாகும் என்ற பயம், அடுத்தவர் காத்திருக்கும் அவசரம், எல்லாவற்றுக்கும் மேலாகப் பழக்கம்.

அந்த 97 பேரில் ஒருவர் நாகஜோதி. விருதுநகர்ப் பக்கத்துக்காரர், பனியன் கம்பெனியில் ஓவர்லாக் டைலர். தைத்த இடம் சீழ் பிடித்து, மூன்று மாதம் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. வேலை போயிற்று.

2021 மார்ச் 9, காலை பத்து மணிக்கு இரண்டாம் பிரசவத்துக்கு வந்தவர் சித்ராதேவியிடம் கேட்டார்.

“மறுபடி வெட்டுவீகளாக்கா?”

“முன்னயே தச்ச இடமாச்சே கண்ணு. வெட்டறதுதான் வழக்கம்.”

“எங்க கம்பெனில ஒரு பீஸ ரிஜெக்ட் பண்ணுனாக்கூட காரணம் எழுதி ஸ்டிக்கர் ஒட்டணும். என்னைய வெட்டுனதுக்கு என்ன எழுதிருக்கீக?”

சித்ராதேவி நேராக என்னிடம் வந்தார். “ஐயா, 2018 நோட்ட எடுங்க.”

எடுத்தேன். பெயர், வயது, குழந்தையின் எடை, வெட்டு உண்டு. காரணம் இல்லை. அதற்கு நான் கட்டமே போட்டிருக்கவில்லை.

திரும்பிப் போனவர் டாக்டரிடம், “கொழந்தையோட துடிப்பு நல்லா இருக்குதுங்க மேடம். பொறுத்துப் பாக்கலாங்களா?” என்றார். டாக்டர் சம்மதித்தார். வெந்நீரில் நனைத்த துணியால் ஒத்தடம் கொடுத்தபடி, “முக்காத கண்ணு, மூச்ச மட்டும் உடு” என்று நாற்பது நிமிடம் நின்றார். 11.52க்குப் பெண் குழந்தை, 2.9 கிலோ. சிறு கீறல்தான்; தைக்க வேண்டியிருக்கவில்லை.

“இந்த பீஸ் பாஸ் கண்ணு.”

“சிரிக்க வைக்காதீகக்கா, வலிக்குது!”

மறுநாள் பதிவேட்டில் ‘வெட்டியதற்குக் காரணம்’ என்று புதுக் கட்டம் போட்டேன். ‘துடிப்பு குறைந்தது’ என்று எழுத வேண்டிய நாட்களும் வந்தன. அந்த வெட்டுகள் அவசியமானவை. எழுதக் காரணம் கிடைக்காத இடத்தில் கை நின்றது. 2022இல் தலைப்பிரசவம் 118, வெட்டு 29.

நாகஜோதி ஐம்பத்தாறாம் நாள் மெஷினில் உட்கார்ந்தார். சித்ராதேவியின் கடைசி நாளன்று மகளோடு வந்திருந்தார். 2022இல் வெட்டில்லாமல் பெற்ற எண்பத்தொன்பது பேருக்கு யாரால் தப்பினோம் என்று தெரியாது. அவர்கள் சார்பாகவும் என் சார்பாகவும் சித்ராதேவிக்கு நன்றியை இங்கே எழுதி வைக்கிறேன்.